காவல்காரன் ஏன் கத்துகிறான்?

கம்ப்யூட்டரைப் போட்டாலே அதே எச்சரிக்கை: விண்டோஸின் முக்கிய ஃபைல்கள் மாற்றப்பட்டுவிட்டன, சிடியைச் செருகுங்கள். 'கேன்சல்' அழுத்தினால் அப்போதைக்கு மறையும். பிறகு மீண்டும் வரும். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை வீட்டில் வைத்திருந்த பலருக்கு இது பழகிப்போன தலைவலி.

1990களில் புதிய சாஃப்ட்வேர்கள் பொதுவான டிஎல்எல் ஃபைல்களின் மேல் தங்கள் பதிப்பை எழுதிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொன்று படுத்துவிடும். இதைத் தடுக்க விண்டோஸ் 2000-ல் மைக்ரோசாஃப்ட் வைத்த காவல்தான் 'விண்டோஸ் ஃபைல் புரொடெக்‌ஷன்'. முக்கிய ஃபைல் மாறினால் 'டிஎல்எல்கேஷ்' ஃபோல்டரிலுள்ள நகலைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடும். நகல் இல்லாவிட்டாலோ கெட்டிருந்தாலோதான் சிடி கேட்கும்.

மருந்து, 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்' என்ற கட்டளை. ஆனால் சிடி பழையதாகவும் கம்ப்யூட்டரிலுள்ள சர்வீஸ் பேக் புதியதாகவும் இருந்தால் சிடியை ஏற்காமல் அடம்பிடிக்கும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014-ல் முடிந்தாலும் இந்தக் கட்டளை விண்டோஸ் 11-லும் இருக்கிறது. சிடி தேவையில்லை, நகல் கிடங்கே கெட்டிருந்தால் 'டிஸ்ம்' அதைப் பழுதுபார்க்கும்.

சரிசெய்த பிறகும் எச்சரிக்கை திரும்பினால்? சந்தேகம் வைரஸ் மீதும், ஆயுள் முடியப்போகும் ஹார்ட் டிஸ்க் மீதும் விழவேண்டும். விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை முடியாது. அவற்றை வேறிடத்தில் நகலெடுப்பதே முதல் வேலை.