மணற்கல்லைக் குடையும் நீர்

கார்ஸ்ட் என்றதும் நம் நினைவில் எழுவது சுண்ணாம்புப் பாறையே. சுலோவேனியா, இத்தாலி எல்லையிலுள்ள ஒரு பீடபூமியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. மழைநீர் கரியமில வாயுவை ஏற்று மென் அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்க, குகைகளும் குழிகளும் நிலத்தடி ஆறுகளும் தோன்றுகின்றன.

மணற்கல்லோ பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகளால் ஆனது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம் குவார்ட்ஸே கரையும். அவ்வாறாயின் அங்குக் குகைகள் உருவாவது எங்ஙனம்?

மணிகளைப் பிணைத்து நிற்கும் பசையிலேயே இதற்கான விடை உள்ளது. அப்பசை சுண்ணாம்பாயின் விரைவில் கரைந்துவிடும். சிலிக்காவாயின், பாறை வெடிப்புகளில் ஊடுருவும் நீர் மணிகளின் விளிம்புகளைப் பல இலட்சம் ஆண்டுகள் சிறிது சிறிதாக அரிக்கும். இருவழியிலும் பிணைப்புத் தளர்ந்து பாறை மணலாகிறது. அம்மணலை ஓடும் நீர் வாரிச் செல்கிறது. கரைத்தல் தொடங்கி வைக்க, அரித்தல் முடித்து வைக்கிறது எனலாம்.

வெனிசுலாவின் அவுயான் தெபுய் மலை இதற்குச் சான்று. நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அதன் பாறைக்குள், 2013-இல் இமாவரி யேயுதா என்னும் நெடுங்குகை ஆராயப்பட்டது. நம் நாட்டிலும், மழைக்குப் பெயர்பெற்ற மேகாலயத்தின் மௌசின்ராம் பகுதியில் க்ரெம் பூரி குகை உள்ளது. 'க்ரெம்' என்பது காசி மொழியில் குகையைக் குறிக்கும். 2018-இல் அளக்கப்பட்டபோது அதன் நீளம் 24.5 கிலோமீட்டராக இருந்தது. உலகின் மிக நீண்ட மணற்கல் குகை என அப்போது அறிவிக்கப்பட்டது.

கரைதலின் பங்கு சிறிதென்பதால் இவற்றைப் 'போலிக் கார்ஸ்ட்' என்பாரும் உளர். ஆனால் கரைதலின்றி மணிகள் தளரா. எனவே தோற்றத்தையும் பாறையின் பெயரையும் விட, நிகழ்முறையையே அளவுகோலாகக் கொள்வது பொருந்துமென நாம் கருதுகிறோம். நீரோட்டம் மென்பகுதிகளை அரித்து, வன்பகுதிகளை மலைகளாக விட்டுச் செல்லும். அதற்கு நெடுங்காலம் வேண்டும் என இப்னு ஸீனா தம் 'கிதாபுஷ் ஷிஃபா'வில் விளக்கியிருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

இது வெறும் பெயர்ச் சர்ச்சையன்று. மணற்கல் நீரை வடிகட்டித் தரும் என நம்பிக் கழிவைக் கொட்டினால், குகைவழி பாயும் நீர் அதை வடிகட்டாமலேயே ஊற்றுக்குச் சேர்க்கும். நிலத்தின் உள்ளமைப்பை அறியாதவன் தான் பருகும் நீரையே கெடுத்துக்கொள்கிறான்.