‘கல்’லா ‘கால்’ஆ? எழுத்துக்கு முன்னால் காதைப் பழக்கும் விளையாட்டுகள்

“விளையாடினது போதும், வந்து படி!” சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு கேட்கிற குரல் இது. ஆனால் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சில விளையாட்டுகளே படிப்புதான்.

அ, ஆ, இ, ஈ என்று மடமடவென ஒப்பிக்கும் குழந்தை, ‘பட்டம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் திணறுவது ஏன்? பேச்சு என்பது சின்னச் சின்ன ஓசைகளால் ஆனது என்று காதுக்குப் பிடிபட வேண்டும். அதுதான் ஒலியுணர்வு. எழுத்து அதற்குப் பிறகுதான் ஒட்டும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1983இல் பிரிட்டனின் பிராட்லி, பிரையன்ட் இருவரும் சுமார் 400 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டனர். சிறுவயதில் ஓசை ஒற்றுமையைக் கண்டுபிடிக்கத் திணறியவர்கள் வாசிப்பிலும் பின்தங்கினர். ஓசைப் பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக் கற்றவர்கள் அதிகம் முன்னேறினர். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், ‘க்+அ’ என ஒலியைப் பிரித்து உணரும் திறன் மெதுவாகவே வளர்வது தெரிந்தது. தமிழ் எழுத்துமுறையும் அதே வகைதான். அதனால் முதலில் அசை, அப்புறம் ஒலி.

எப்படி விளையாடுவது?

ஊர்ப்பெயர் குதி: ஓர் ஓசைக்கு ஒரு குதி. வீ-ர-சோ-ழன் என்றால் நான்கு. தி-ருச்-சு-ழிக்கும் நான்குதான். அ-ருப்-புக்-கோட்-டைக்கு ஐந்து. எழுத்தை எண்ணினால் எட்டு வரும். இங்கே எண்ணுவது காது.

கல்லா மண்ணா: பழைய ஆட்டம், புது விதி. குறில் கேட்டால் கல்லில் ஏறணும், நெடில் கேட்டால் மண்ணுக்கு ஓடணும். கல்–கால், பல்–பால், விடு–வீடு, கொடு–கோடு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணம் காலிலேயே பதிந்துவிடும்.

ஜோடி தேடு: ஆளுக்கொரு சொல். பட்டம், சட்டம், வட்டம் ஒரு கூட்டம். மாடு, வீடு, காடு இன்னொரு கூட்டம். ஓடிப்போய்ச் சேரணும்.

ஒண்ணை எடு: பெரிய பிள்ளைகளுக்கு. ‘பூமாலை’யில் ‘பூ’ போனால்? மாலை. ‘அகல்’லில் ‘அ’ போனால்? கல்.

கவனிக்க வேண்டியவை

* பத்து நிமிடம் போதும்.
* தப்பாகச் சொன்னால் ‘அவுட்’ வேண்டாம். அதிகம் பழக வேண்டிய பிள்ளைதான் அப்போது வெளியே உட்கார்ந்துவிடும்.
* கூட்டத்தோடு கத்துகிற பிள்ளைக்குத் தனியாகவும் ஒரு வாய்ப்பு வேண்டும்.
* தென்மாவட்டப் பேச்சில் ‘ழ’ பலருக்கு ‘ள’ ஆகும். கேலி செய்யாமல், சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும்.
* தொடர்ந்து ஓசை பிடிபடவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் காதைப் பரிசோதிப்பது நல்லது.

ஏன் இப்போது?

2022 அசர் அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 20.5 சதவீதமே. 2018இல் இது 27.3 சதவீதம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது.

பள்ளிக்கு முந்தைய வேலையை அங்கன்வாடியும் வீடும்தான் பார்க்கணும். செலவு ஒன்றுமில்லை. வெயில் தாழ்ந்த பிறகு தெருவும் நாலு பிள்ளைகளும் இருந்தால் ஆட்டம் ஆரம்பம்.