பன்னிரு சொற்களைக் காத்தல்

பொன்னும் மணியும் உடையார் அவற்றைப் பெட்டகத்திற் பூட்டித் திறவுகோலை மடியில் முடிந்துகொள்ளுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். திறவுகோல் தொலைந்தால் கொல்லனை அழைத்துப் பூட்டை உடைத்துக்கொள்ளலாம்; பொருள் உள்ளேயே இருக்கும். இனி, பெட்டகம் நம் வீட்டில் இல்லாது உலகெங்கும் பரந்து கிடக்க, திறவுகோல் மட்டுமே நம் கையில் உள்ளதாகவும், அது தொலைந்தவழி எக்கொல்லனாலும் திறக்க ஒண்ணாததாகவும் ஒரு செல்வம் உண்டெனின், அதனைக் காக்கும் முறை வேறாதல் வேண்டுமன்றோ? இக்காலத்தார் கிரிப்டோ நாணயம் என வழங்குவது அத்தகைய செல்வமே. அவற்றுள் முதற்கண் தோன்றியது பிட்காயின்.

இதனை வாங்குக என்றோ வாங்கற்க என்றோ கூற இக்கட்டுரை எழுந்ததன்று. நம் நாட்டில் இது சட்டப்படி செல்லும் நாணயமன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இதனால் வரும் ஊதியத்திற்கு நூற்றுக்கு 30 வீதம் வரி விதிக்கப்பட்டது. விலையோ காலையில் ஏறி மாலையில் இறங்கும் இயல்பினது. இவையெல்லாம் அறிந்தே ஒருவர் வாங்கினார் எனக் கொள்வோம். அவர் அதனைத் தம் இல்லத்தில் எங்ஙனம் பழுதின்றி வைத்துக்கொள்ளுதல் கூடும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. எம் இல்லத்தில் நேர்ந்த ஓர் இடர் என்னை இதனை எழுதத் தூண்டிற்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சதோஷி நாகமோட்டோ என்னும் பெயரில் மறைந்து நின்ற ஒருவர் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் இந்நாணயத்தின் அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். 2009 ஜனவரி 3இல் அதன் கணக்கேடு தொடங்கிற்று. அவ்வேட்டின் படிகள் உலகின் பல்லாயிரம் கணிப்பொறிகளில் உள்ளன. இன்ன முகவரியில் இத்துணை நாணயம் உளது என்பதே அதிற் காணப்படும் செய்தி. எனவே, நாணயம் என்பது எவர் பெட்டியிலும் கிடக்கும் ஒரு பொருளன்று. 'வாலட்', அதாவது பணப்பை, என்னும் பெயர் இவ்வகையில் மயக்கந் தருவதே. அப்பையில் பணம் இல்லை. 256 இரும இலக்கங்களாலாகிய ஒரு பேரெண் மட்டுமே உள்ளது. அதனை மறைத்திறவு என்போம். அதனை அறிந்தவர் எவரோ அவரே உடையவர். 'என் பெயர் இது, என் தந்தை பெயர் இது, என் பணத்தைத் தருக' என்று முறையிடுதற்கு அங்கே ஒரு வங்கி மேலாளர் இல்லை.

பேரெண்ணை எழுதிவைத்தலும் பிழையறப் படித்தலும் மக்கட்கு அரிய. ஆகவே 2013ஆம் ஆண்டில் ஒரு நெறி வகுத்தனர். 2048 எளிய சொற்களைக் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பன்னிரண்டேனும் இருபத்துநான்கேனும் சொற்களைக் கருவியே குலுக்கி எடுத்து முறைப்படுத்தித் தரும். அச்சொற்களும் அவற்றின் வரிசையும் தெரிந்தால், மறைத்திறவுகள் யாவற்றையும் எந்நாட்டிலும் எக்கருவியிலும் மீளப் பெறலாம். ஆங்கிலப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் முதல் நான்கெழுத்தாலேயே பிறவற்றினின்று பிரிந்து நிற்குமாறு தெரிந்தமைத்துள்ளனர். ஜப்பானியம், கொரியம், சீனம், ஸ்பானியம், செக் முதலியவற்றிலும் பட்டியல்கள் உள. தமிழில் அத்தகைய பட்டியல் அந்நெறியிற் சேர்க்கப்பட்டிலது. தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு அது சிறிது வருத்தந் தருகின்றது.

இத்தொல்லையெல்லாம் எதற்கு, நாணய வணிகம் நடத்தும் நிலையங்களிலேயே விட்டுவைக்கலாகாதோ எனின், விட்டுவைத்தார் பலர் பட்டதைக் காண்க. தோக்கியோ நகரத்து மவுண்ட் காக்ஸ் நிலையம் 2014இல் வீழ்ந்தபோது இலக்கக்கணக்கான பிட்காயின்கள் காணாமற் போயின. நம் நாட்டு வசீர்எக்ஸ் நிலையத்திலிருந்து 2024 ஜூலையில் ஏறத்தாழ 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவாடப்பட்டன. இவ்வச்சத்தால், இணையத்தொடு தொடர்பற்ற நிலையில் திறவைத் தம் வீட்டிலேயே வைப்பார் பெருகினர்.

அதற்கென 2014 முதல் விற்பனைக்கு வந்த சிறு கருவியை ஹார்டுவேர் வாலட் என்பர். அது விரலளவினது. மறைத்திறவு அதன் உள்ளேயே பிறந்து உள்ளேயே தங்கும். பணம் அனுப்ப வேண்டுங்கால் கணிப்பொறி ஓலையை நீட்டும். கருவி உள்ளிருந்து கைச்சாத்திட்டுத் திருப்பித் தரும். திறவு மட்டும் வெளிப்போதராது. கள்வன் அதனைக் கைப்பற்றினும் இரகசிய எண் அறியாது திறத்தல் எளிதன்று. சில கருவிகள் மும்முறை பிழைபட்டால் உள்ளிருப்பதைத் தாமே அழித்துவிடும். கருவி அழிந்ததே எனக் கவலை வேண்டா; சொற்கள் இருப்பின் வேறொரு கருவி வாங்கி அனைத்தையும் மீட்கலாம். ஆதலின், காக்கப்பட வேண்டியது கருவியன்று, சொற்களே. இதனை அறியாதார் கருவியை இரும்புப் பெட்டியிற் பூட்டிவிட்டுச் சொற்கள் எழுதிய தாளை மேசைமேற் போட்டுவைப்பர். எம் அண்ணன் அவர்கள் செய்தது அதனினும் சற்றே மேம்பட்ட பிழை.

அவர் கணிப்பொறித் துறையிற் பணிபுரிபவர். மூன்றாண்டுகளாகத் தம் ஊதியத்திலிருந்து சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்திருந்தார். என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதிக்கும் அதுவே முதல். பன்னிரு சொற்களையும் மைப்பேனாவால் அழகுற எழுதி, பழைய கணக்குப் புத்தகம் ஒன்றினுட் செருகி, பீரோவின் அடித்தட்டில் வைத்தார். கருவியையும் அதனருகே வைத்தார். எம்மூர் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்தமை யாவரும் அறிவர். எம் வீட்டினுள் இடுப்பளவு நீர் நின்றது. மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தபோது கருவி சேறு புகுந்து கெட்டிருந்தது. தாளிலே பத்துச் சொற்கள் ஒருவாறு தெரிந்தன. இரண்டு முற்றும் கரைந்து நீலக் கறையாய் நின்றன.

அண்ணன் அவர்கள் ஒருநாள் முழுதும் வாய் திறந்திலர். பின்னர்க் கணக்கிட முற்பட்டார். கரைந்த ஈரிடங்களிலும் 2048 சொற்களுள் எதுவும் இருக்கலாம். ஆகவே 2048ஐ 2048ஆற் பெருக்க 41,94,304 இணைகள். ஆனால் பன்னிரு சொற்களில் முன்னையவை பிழையற எழுதப்பட்டனவா என ஆய்தற்குரிய ஒரு சரிபார்ப்பு இறுதிச் சொல்லில் அடங்கியுள்ளது. அதனைக் கடந்து நிற்பவை பதினாறில் ஒன்றே, அதாவது ஏறத்தாழ 2,62,000. இணையம் அறுத்த ஒரு கணிப்பொறியில் இவற்றை ஒவ்வொன்றாக ஆய்ந்து, விடியுமுன் தம் முகவரியைக் கண்டெடுத்தார். மூன்று நான்கு சொற்கள் மேலும் கரைந்திருப்பின் வீட்டுக் கணிப்பொறியால் அது முடிந்திராது. பென்சிலால் எழுதியிருந்தாலோ ஒரு சொல்லும் கரைந்திராது. பென்சிற் கரி நீரிற் கரைவதன்று. இதனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். எனினும் மதிப்புடைய எழுத்தை மையால் எழுதுவதே முறை என நாம் பழகிவிட்டோம்.

இழப்பு என்னும் பகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரத்தது. அந்நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பார் பிட்காயின் தொடங்கிய 2009ஆம் ஆண்டிலேயே அதனை ஈட்டியவர். ஏறத்தாழ 8000 நாணயங்களின் திறவைக் கொண்ட ஹார்டு டிஸ்க் 2013இல் குப்பையொடு குப்பையாய் நகராட்சிக் குப்பைமேட்டிற் சேர்ந்தது. தோண்டிப் பார்க்க விடுக என அவர் பல்லாண்டு வேண்டியும் நகராட்சி இசைந்திலது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அவர் வழக்கைத் தள்ளிற்று. அப்போது அதன் மதிப்பு 60 கோடி பவுனை எட்டியிருந்தது. கள்வர் எவரும் வந்திலர். பூட்டு எதுவும் உடைந்திலது. ஒரு பழைய தட்டு, இன்னது என எவரும் அறியாது கிடந்தமையே அத்துணைக்கும் காரணம்.

எழுதப்படும் பொருள் பற்றிச் சில கூறுவேன். தாள் 230 பாகை வெப்பத்திலேயே எரியும். கறையானும் நீரும் அதற்கு மாறாப் பகை. ஈயாது மூடும் பிளாஸ்டிக் உறை இட்டாலும் நெருப்பிற்கு அது காப்பன்று. பென்டிரைவ் முதலியவற்றிற் பதித்துவைத்தலும் தகாது. அவை பல்லாண்டு மின்னூட்டமின்றிக் கிடப்பின் பதிவை இழக்கும். தீப்பற்றிய வீட்டினுள் வெப்பம் 600 பாகையையும் கடத்தலுண்டு. அலுமினியம் 660 பாகையில் உருகும். செம்பு 1085இலும் துருவேறா எஃகு ஏறக்குறைய 1400இலும் உருகும். ஆகவே எஃகுத் தகட்டில் எழுத்தச்சுக் கொண்டு அடித்துப் பொறித்தலே சாலச் சிறந்தது. சொல் முழுதும் வேண்டா, முதல் நான்கெழுத்தே போதும் என்றமையால் வேலையும் குறைவு. ஓலையில் எழுதிய நூல்கள் செல்லரித்தமை பற்றி நம் வகுப்பிற் கேட்டு வருந்துகின்றோம். ஆனைமங்கலக் கொடையைப் பொறித்த 21 செப்பேடுகளோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கும் நிலையில் உள்ளன. நிலைக்க வேண்டியதை ஓலையிலும் விடாது செம்பிலும் வெட்டுவித்தவர் நம் முன்னோர். ஆயின், தகட்டை வெட்டக் கடைக்காரரிடம் கொடுத்தலாகாது. சொற்களை அவரும் படிப்பாரன்றோ? கைப்பேசியாற் படம் எடுத்துவைத்தலும் அவ்வாறே. அப்படம் நாம் அறியாமலே இணையத்திற் சென்று தங்கும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாம்.

இனி, களவு என்னும் மற்றைப் பகை. இழப்பை அஞ்சிப் பல படிகள் எடுத்தால் களவிற்கு வாயில் பலவாகும்; களவை அஞ்சி ஒன்றே வைத்து ஆழப் புதைத்தால் இழப்பு எளிதாகும். இவ்விரண்டிற்கும் இடைநின்று அளவு காண்பதே இதன் அருமை. சிலர் தாளை இரண்டாகக் கிழித்து இரு வீடுகளில் வைப்பர். அது தீது, ஒரு பாதி அழியினும் முழுதும் அழிந்ததாம். களவிற்கும் அது முழுக் காப்பன்று. 2020இல் ஒரு போட்டியில் பன்னிரு சொற்களுள் எட்டு வெளியான அளவில், எஞ்சிய நான்கையும் ஒருவர் கணிப்பொறிகளைக் கொண்டு தேடிக் கண்டு நாணயத்தை எடுத்துக்கொண்டார். பிரித்தே வைத்தல் வேண்டின் ஷமீர் என்னும் கணித அறிஞர் 1979இல் வகுத்த முறை உளது. அதில் மும்மடங்காகப் பிரித்த பங்குகளில் எவையேனும் இரண்டு கூடினாற் செல்வம் மீளும். ஒன்று மட்டும் கிடைத்தவனுக்கு ஒன்றும் விளங்காது.

பன்னிரு சொற்களொடு தாமே தெரிந்த ஒரு சொல்லைக் கூட்டுதலும் உண்டு. தகட்டைக் கண்டெடுத்தவன் அதனை உணரான். அவனுக்கு வெறும் பையே திறக்கும். ஆனால் அச்சொல்லை நாம் மறப்பினும், ஓரெழுத்துப் பிழைபட இடினும், நமக்கும் அவ்வெறும் பையே திறக்கும். பிழை என்று கருவி கூறாது. நினைவை நம்பி இதனை மேற்கொள்வாரை நான் அஞ்சுகின்றேன்.

எல்லாவற்றினும் வலிய காவல் வாயடக்கம் எனத் தோன்றுகின்றது. லெட்ஜர் என்னும் கருவி நிறுவனத்திலிருந்து 2020இல் இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்ட வாங்குநரின் பெயரும் வீட்டு முகவரியும் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டில் அவருட் சிலர் வீட்டிற்கு, நிறுவனமே அனுப்பியது போன்ற பொய்க்கருவிகள் அஞ்சலில் வந்தன. 'பழையது பழுதுடையது, இதில் உம் சொற்களை இடுக' என்று ஒரு மடலும் உடன் இருந்தது. 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தை நிறுவியவருள் ஒருவரைப் பிரான்சு நாட்டில் அவர் இல்லத்திலிருந்தே கடத்திச் சென்று, பணங் கேட்டு, அவர் விரலைத் துண்டித்தனர். கத்தி முனையில் எஃகுத் தகடு என் செய்யும்? ஆகவே, நண்பர் கூட்டத்தில் 'என்னிடம் இத்துணை உளது' என்று பேசாதிருத்தலே நன்று. அண்ணன் அவர்கள் எவ்வளவு வைத்துள்ளார் என்பதை நானும் கேட்டிலேன்.

ஆயினும் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். உடையவர் இறந்தால், சொற்களை அறியாத மனைவிக்கும் மக்கட்கும் அச்செல்வம் இல்லாததற்கு ஒப்பாகும். சொற்களை முன்னரே சொல்லிவிட்டால் அவர் கவனக் குறைவால் வெளிப்படவுங் கூடும். இதற்கு எம் இல்லத்திற் கண்ட வழி வருமாறு. வெள்ளம் வடிந்த அடுத்த மாதமே அண்ணன் அவர்கள் புதிய சொற்களைப் பெற்று, பழைய முகவரியிலிருந்தவற்றை அதற்கு மாற்றினார். நீரில் நனைந்த தாளைப் பலர் கை தொட்டிருந்தனரன்றோ? பின்னர் இரு எஃகுத் தகடுகளிற் பொறித்தார். பொறித்த பின், புதிய கருவியை வேண்டுமென்றே அழித்து, தகட்டைப் பார்த்தே மீட்டு, பிழையின்மை தேர்ந்தார். ஒரு தகடு மேட்டுப்பாங்கான ஊரில் வதியும் எம் மாமா வீட்டில், உறையிட்டு அரக்கு முத்திரை வைத்துக் கிடக்கின்றது. மற்றொன்று எம் வீட்டில், வெள்ளம் நின்ற குறிக்கு மேலே உள்ளது. கருவி வேறோரிடத்தில் உளது.

எம் அன்னையார் ஆங்கிலம் அறியார். தகட்டை முதலிற் கண்டபோது, 'இது என்னடா, பழைய இரும்புக்காரனுக்குப் போட வைத்த தகரமா?' என்று வினவினார்கள். நியூபோர்ட் நகரத்துக் குப்பைமேடு அப்போது என் நினைவிற்கு வந்தது. அன்றிரவே அண்ணன் அவர்கள் தமிழில் ஒரு மடல் எழுதினார்: தகடு இன்னது, கருவி இன்னது, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் இன்ன உறவினரை அழைத்து இருவரும் உடனிருந்தே திறக்க வேண்டும், தொலைபேசியில் எவர் கேட்பினும் சொற்களைச் சொல்லலாகாது என்பன அதில் உள. சொற்கள் அதில் இல்லை. பென்சிலால் எழுதிய அம்மடலை அன்னையார் இருமுறை படிக்கக் கேட்டு, நிலப்பத்திரம் வைத்த தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.