ஹார்டு டிஸ்க் வாங்கும்போது கம்பெனிப் பெயர் மட்டும் போதாது

முகூர்த்த நாளில் சென்னையை அடுத்த திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் போனால், மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடிகளை எண்ணி மாளாது. பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகக் கல்யாண மண்டபங்கள் வேறு. வேலப்பன்சாவடிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் நடுவே இருக்கும் நூம்பல் போன்ற ஊர்களில், வீட்டின் முன்னறையிலேயே ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவருக்கு ஹார்டு டிஸ்க் என்பது கல்லாப்பெட்டி மாதிரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. நான்கு மணி நேரக் காட்சி 180 ஜிபி. படத்துக்கு 30 எம்பி வீதம் 2,000 'ரா' படங்கள் இன்னொரு 60 ஜிபி. நான்கு கல்யாணம் முடிவதற்குள் 1 டிபி டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். ஆல்பம் கைக்குப் போவதற்கு முன்பு டிஸ்க் போய்விட்டால், அந்த முகூர்த்தத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

அதனால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கடையில் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லா உழைக்கும்? விலை ரொம்பப் போகக் கூடாது" என்பதுதான். இதில் இரண்டாவது பாதி நியாயமான கேள்வி. முதல் பாதிக்கு நேரடியான பதில் கிடையாது. ஏன் என்பதற்கு ஹார்டு டிஸ்க்கின் கதையிலேயே சான்று இருக்கிறது.

இன்று உலகத்தில் ஹார்டு டிஸ்க் செய்கிறவர்கள் மூன்றே பேர்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவர்கள் எல்லாம் இந்த மூவருக்குள் கரைந்துபோனவர்கள். சாம்சங்கின் டிஸ்க் தொழிலை சீகேட் 2011ல் வாங்கியது. ஐபிஎம் தன் டிஸ்க் பிரிவை ஹிட்டாச்சிக்கு விற்றது. அது எச்ஜிஎஸ்டி என்ற பெயரில் 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. இந்த ஐபிஎம் கிளையைக் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த அதன் 'டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி' அடிக்கடி செத்துப்போனதால், அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்கே போட்டார்கள். அதே கிளை கைமாறி எச்ஜிஎஸ்டி ஆன பிறகு, பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணக்கில் மிகக் குறைவாகப் பழுதாகும் டிஸ்க்குகளின் வரிசைக்கு வந்துவிட்டது.

பேக்பிளேஸ் லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இரவு பகலாக ஓட்டும் நிறுவனம். எந்த மாடல் எத்தனை பழுதாயின என்ற கணக்கை 2013 முதல் வெளிப்படையாகவே தருகிறது. அதில் சீகேட்டின் ஒரு 3 டிபி மாடல் 2014ல் ஆண்டுக்கு 43 சதவீதம் என்ற வீதத்தில் பழுதானது. அதே ஆண்டில், அதே நிறுவனத்தில் ஓடிய அதே சீகேட்டின் 4 டிபி மாடலோ மூன்று சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி என்று பிரிப்பதில் பயனில்லை. மாடலைப் பார்க்க வேண்டும். எல்லா மாடலும் சேர்த்து 2023ல் பேக்பிளேஸ் கண்ட பழுது வீதம் 1.4 சதவீதம். அதாவது எழுபது டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்று போகும். அந்த ஒன்று உங்களுடையதாக இருக்காது என்று எந்த பிராண்டும் எழுதித் தராது.

விண்டோஸையும் மென்பொருள்களையும் இன்று ஹார்டு டிஸ்க்கில் போட வேண்டிய அவசியம் இல்லை. 7,200 ஆர்பிஎம் டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. கேட்ட தகவல், படித்து எழுதும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். சிஸ்டம் ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான முறை காத்திருக்கிறது. சுழலும் தட்டே இல்லாத சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸைப் போட்டால் அந்த இழுவை போய்விடும். டேலி கணக்கும் ஜெராக்ஸும் மட்டும் பார்க்கும் கடை என்றால் அந்த எஸ்எஸ்டியே போதும்; உள்ளே ஹார்டு டிஸ்க்கே வேண்டாம், வெளியே ஒரு பேக்கப் இருந்தால் சரி. வீடியோ, போட்டோ, பிள்ளைகளின் பத்து வருடப் படங்கள் என்று மொத்தமாகச் சேர்த்து வைக்கிறவருக்குத்தான் ஹார்டு டிஸ்க் இன்னும் லாபம்.

பெட்டியில் எழுதாத விஷயம்

விலை குறைந்த டிஸ்க் வாங்குகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது ஒரு தொழில்நுட்ப வேறுபாடு. பழைய முறையில் தகவல் பதியும் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இதைச் சிஎம்ஆர் என்கிறார்கள். புதிய முறையில் ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும். இது எஸ்எம்ஆர். இடம் மிச்சமாவதால் குறைந்த தட்டுகளிலேயே அதிக கொள்ளளவு கிடைக்கும், தயாரிப்புச் செலவு குறையும். படிப்பதில் குறை தெரியாது. ஏற்கெனவே எழுதிய இடத்தில் மாற்றி எழுத வேண்டும் என்றால்தான் சிக்கல். நடுவில் ஒரு தடத்தைத் திருத்த, அதன்மேல் ஏறியிருக்கும் தடங்களையும் எடுத்து வைத்து, மறுபடி வரிசையாக எழுத வேண்டியிருக்கிறது.

இதை மறைக்க டிஸ்க்குக்குள் ஒரு சின்ன இடைக்காலப் பகுதி உண்டு. புதிதாக வருவதை முதலில் அங்கே போட்டுக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றும். பத்து இருபது ஜிபி காப்பி செய்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. கல்யாணம் முடிந்து வந்து 240 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டுகிறவருக்குத் தெரியும். விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் போய்க்கொண்டிருந்த காப்பி, பாதியில் தவழ ஆரம்பிக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கெடவில்லை, அதன் சுபாவமே அதுதான்.

டிஸ்க் எந்த வகை என்பது பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் இருக்காது. 2020ல் இது பெரிய விவகாரமானது. நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையில் சில மாடல்கள் சொல்லாமலே எஸ்எம்ஆராக மாறியிருந்தன. வாங்கியவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் கம்பெனிகள் எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை வெளியிட்டன. சீகேட்டின் பட்டியல்படி, டெஸ்க்டாப்புக்கான 'பாரகூடா' வரிசையில் 1 டிபி சிஎம்ஆர். அதே பெயர் தாங்கிய 2 டிபியும் 4 டிபியும் எஸ்எம்ஆர். கடையில் நின்றபடியே மாடல் எண்ணைப் போனில் தட்டி, கம்பெனியின் சொந்தப் பட்டியலில் பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும். பேக்கப்புக்கு மட்டும் என்றால் எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும், விலையும் குறையும். தினம் எடிட் செய்யும் டிஸ்க் சிஎம்ஆராகவே இருக்கட்டும்.

விலையைப் பொறுத்தவரை ஒரு டிபிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. 1 டிபி டிஸ்க்கிலும் 4 டிபி டிஸ்க்கிலும் மோட்டார், உலோகக் கூடு, சர்க்யூட் போர்டு எல்லாம் ஒன்றுதான். அதனால் மிகச் சிறிய டிஸ்க்கில் ஒரு டிபியின் விலை எப்போதும் அதிகமாகவே வரும். இந்தச் சந்தை எவ்வளவு குறுகியது என்பதை 2011 காட்டியது. அந்த அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளம் அயுத்தயா பகுதியில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலையை மூழ்கடித்தது. உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது. போதாக்குறைக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாடல்களுக்கு வாரண்டி காலத்தையும் குறைப்பதாக அறிவித்துவிட்டன. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கு இன்று இரண்டு வருடம்தான் வழக்கம். வாரண்டியில் கிடைப்பது டிஸ்க் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் சரிசெய்யப்பட்ட வேறொரு டிஸ்க். உள்ளே இருந்த படங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

புதுசு என்று வரும் பழசு

நூம்பல்காரர்கள் வேலப்பன்சாவடிக்கு வந்து நெடுஞ்சாலையைப் பிடித்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகலாம், ஆன்லைனிலும் வாங்கலாம். இரண்டிலும் ஒரே ஆபத்து உண்டு. பெரிய டேட்டா சென்டர்களில் வருடக்கணக்கில் ஓடிய டிஸ்க்குகள் சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. 'ரீஃபர்பிஷ்டு' என்று சொல்லி, அதற்கான விலையில் விற்றால் தப்பில்லை. இரண்டாவது பேக்கப்புக்கு அதை வாங்குவதும் தப்பில்லை. புதுசு என்று விற்பதுதான் மோசடி. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது அம்பலமானது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை. ஓடிய நேரத்தைக் காட்டும் கணக்கைப் பூஜ்யமாக்கி விற்றிருந்தார்கள். டிஸ்க்கின் உள்ளே சீகேட் தனியாக வைத்திருந்த இன்னொரு பதிவேடுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

கையில் வாங்கியதும் முதலில் ஓரத்து ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள். மறையில் கீறலும் பளபளப்பும் இருந்தால் அது ஏற்கெனவே எங்கோ மாட்டப்பட்டது. அடுத்து கேபிள் செருகும் இடத்தில் உள்ள தங்கநிறப் பற்கள். செருகிக் கழற்றிய டிஸ்க்கில் அவற்றின்மேல் மெல்லிய கோடு விழுந்திருக்கும். லேபிளில் தயாரிப்புத் தேதி இருந்தால் அதையும் பாருங்கள். சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டால் வாரண்டி எதுவரை என்று சொல்லிவிடும். 'ஓஇஎம்' (கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கென்று விற்றது) என்றோ வேறு நாட்டு விற்பனைக்கானது என்றோ வந்தால் இங்கே வாரண்டி கிடைப்பது கஷ்டம். சீரியல் எண் எழுதிய பில்லை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' கணக்கு தெரியும். ஓடிய நேரம் பூஜ்யமோ ஒன்றிரண்டு மணியோ இருக்க வேண்டும். ஜெர்மனியில் நடந்ததுபோல் இந்தக் கணக்கையும் அழிக்க முடியும் என்பதால் இதை மட்டும் நம்பாதீர்கள்.

கடைகளில் சிசிடிவிக்கான டிஸ்க்கையும் டெஸ்க்டாப்புக்குத் தருவார்கள். வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. டெஸ்க்டாப் பாரகூடாவுக்குச் சீகேட் சொல்லும் வரம்பு வருடத்துக்கு 2,400 மணி நேரம், 55 டிபி வேலை. சிசிடிவி டிஸ்க் 24 மணி நேரமும் ஓட, வருடத்துக்கு 180 டிபி சுமக்க வடிவமைத்தது. வாரண்டியும் மூன்று வருடம். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கரண்டும் தண்ணீரும்

திடீரென்று கரண்ட் போனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டுகளின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்குக்குள் இருக்கிறது. ஆனால் இது வழக்கமான ஷட்டவுனைவிட முரட்டுத்தனமான இழுப்பு. எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் அரைகுறையாக நிற்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் (சிபியுவுக்குள் இருக்கும் பவர் சப்ளை) சின்ன யுபிஎஸ்ஸும் டிஸ்க்கின் ஆயுளுக்கே போடும் பணம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் ஸ்விட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றொரு பக்கத்தில் இருந்தால் மாறும் நேரம் அதிகம். மின்விசிறிக்குத் தெரியாத அந்த இடைவெளியில் சிஸ்டம் அணைந்துவிடும்.

அடையாறும் கூவமும் கரை மீறிய 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். சாதாரண ஹார்டு டிஸ்க்கின் மூடியில், அடைக்க வேண்டாம் என்று எழுதிய ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான வழி அது. வெள்ளம் வந்தால் தண்ணீருக்கும் அதுவே வழி. நனைந்த டிஸ்க்கைக் காயவைத்து மாட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, செய்யவே கூடாததும் அதுதான். காய்ந்த சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஹெட் உரசினால் மிச்சமிருந்ததும் போச்சு. கரண்ட் கொடுக்காமல், ஈரம் காயாமல் பாலிதீன் கவரில் மூடி, டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆகும் செலவு புது டிஸ்க் விலையைப்போல் பல மடங்கு.

சாகப்போகும் டிஸ்க் முன்கூட்டியே சொல்லுமா? சில சமயம். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேலானவை ஸ்மார்ட்டின் நான்கு முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயிருந்தன. ஆனால் எச்சரிக்கை வந்துவிட்டால் அலட்சியம் கூடாது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும் 5ஆம் வரிசையும், சந்தேகத்தில் நிற்கும் செக்டர்களைக் காட்டும் 197ஆம் வரிசையும் (அதில் 'C5' என்று தெரியும்) பூஜ்யத்திலிருந்து ஏற ஆரம்பித்தால், அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள்.

எச்சரிக்காமல் போகும் பாதிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்கு ஒரே மருந்து இரண்டாவது பிரதி. அதனால் என் கருத்து இது: கையில் இருக்கும் பணத்துக்கு விலை உயர்ந்த ஒரே டிஸ்க் வாங்குவதைவிட, சுமாரான விலையில் இரண்டு வாங்குங்கள். வேலைக்கு ஒரு சிஎம்ஆர், பிரதிக்கு எஸ்எம்ஆரோ சொல்லி விற்ற ரீஃபர்பிஷ்டோ போதும். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடலாக இல்லாதிருப்பது நல்லது; ஒரே தயாரிப்புக் குறை இரண்டையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடும். பிரதி டிஸ்க்கைச் சிபியுவுக்குள்ளேயே மாட்டி வைத்தால் கரண்டோ வெள்ளமோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகும். கழற்றி, முடிந்தால் மாடி வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துவந்து புதியதைக் காப்பி செய்யும்போது, பழைய கல்யாணம் ஒன்றின் வீடியோவை அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். திறக்காத ஃபைல் இருந்தால், முதல் டிஸ்க் நன்றாக இருக்கும்போதே தெரிந்துவிடும்.