அரண்மனைத் தொடரும் அசல் அரசியரும்



பட்டும் முத்தும் மின்னப் பளிங்கு மாடத்தில் நிற்கும் இளவரசியைச் சின்னத்திரையில் காணும்போது கண்ணை எடுக்க மனம் வருவதில்லை. சாத்தூர், இருக்கன்குடி, சிவகாசி வட்டாரங்களில் பகலெல்லாம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்துக் களைத்த பெண்களுக்கு அந்த அரைமணி நேரம் ஓர் இளைப்பாறல். அதனைக் குற்றமென்று ஒரேயடியாகச் சாடுவது நம் நோக்கமன்று. ஆயினும், திரையில் கண்டதே வரலாறு என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது.

2013 ஜூன் முதல் 2015 ஆகஸ்ட் வரை ஜீ தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘ஜோதா அக்பர்’ தொடரை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழிலும் மொழிமாற்றம் பெற்று வந்த இத்தொடரை நம் இல்லங்களிலும் பலர் விரும்பிப் பார்த்தனர். ஊடலும் கூடலும் அந்தப்புரச் சூழ்ச்சியுமே அதன் உயிர். ஆனால், ‘ஜோதா’ என்ற பெயர் அக்பர் காலத்து நூல்களில் அவருடைய மனைவிக்கு உரியதாகக் காணப்படவில்லை. ஆம்பேர் அரசர் பார்மலின் மகளை அக்பர் மணந்தது 1562இல். 1569இல் ஜஹாங்கீரை ஈன்ற அவ்வம்மையாரை வரலாறு ‘மர்யமுஸ் ஸமானி’ என்னும் பட்டப்பெயரால் அறிகிறது.

அவர் கண்ணீர் சிந்திக்கொண்டு அந்தப்புரத்தில் முடங்கிக் கிடந்தவரல்லர். கடல் வாணிபம் செய்தவர். அவருக்குச் சொந்தமான ‘ரஹீமி’ என்னும் பெருங்கப்பல் சூரத்திலிருந்து செங்கடலுக்குச் சரக்குகளையும் ஹஜ்ஜுப் பயணிகளையும் ஏற்றிச் சென்றது. 1613இல் போர்ச்சுக்கீசியர் அதனைக் கைப்பற்றினர். அவர்களுடைய அனுமதிச் சீட்டு கப்பலில் இருந்தும் பயனில்லை. சினங்கொண்ட ஜஹாங்கீர், அவர்கள் வசமிருந்த டாமன் மீது படை அனுப்பினார். ஓர் அன்னையின் கப்பலுக்காக ஒரு பேரரசே கொதித்தெழுந்த கதை இது!

பாபரின் மகள் குல்பதன் பேகத்தை எண்ணிப் பாருங்கள். 1575ஆம் ஆண்டளவில் அரச குலத்துப் பெண்களுடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர், ஆண்டுக்கணக்கில் புனித மண்ணில் தங்கினார். திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் சேதமுற்று அல்லலுற்றார். 1582இல்தான் ஊர் மீண்டார். அக்பரின் வேண்டுகோளை ஏற்று, தம் குடும்பத்தார் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை ‘ஹுமாயூன் நாமா’ என்னும் நூலாக எழுதினார். பாரசீக மொழியில் அவர் தீட்டிய அந்நூலின் இறுதிப் பகுதி நமக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய பெண்மணிகளைத் திரை ஏன் காட்டுவதில்லை? கப்பல் கணக்கைவிடக் காதல் கண்ணீர் எளிதில் விலை போகிறது, அவ்வளவுதான். பார்க்கும் நம் பெண்மக்களோ, அழகும் நகையும் சூழ்ச்சியும் மட்டுமே ஒரு பெண்ணின் பலம் என்று பாடம் படித்துவிடுகிறார்கள். நாம் அஞ்ச வேண்டியது இதற்கே.

ஆகவே சகோதரிகளே, தொடரைப் பார்ப்பதாயின் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். “இதில் மெய் எது, கற்பனை எது?” என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் நூலகத்தில் ஒரு வரலாற்று நூலை எடுத்து வரச் சொல்லுங்கள். பாங்கொலி கேட்டதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தொழுகைக்கு எழுங்கள். கதை காத்திருக்கும், தொழுகை நேரம் காத்திராது.

திரையின் இளவரசியை ரசித்துக் கொண்டே, கப்பல் செலுத்திய அரசியையும் நூல் எழுதிய பேகத்தையும் நம் மகள் அறிந்து வளர்வாளாயின், அந்த அரைமணி நேரம் வீணாகாது, இன்ஷா அல்லாஹ்!