குடத்தின் ஓசையும் மின்சார இரைச்சலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டும் உடன் நினைவுக்கு வரும். வில், வீசுகோல், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை ஆகியவை சேர்ந்து எழுப்பும் ஒலியைக் கேளாதார் நம் கல்லூரியில் சிலரே இருப்பர். அவ்வாறு பாடப்பட்ட கதை ஒன்று பழைய கேசட்டில் எங்கள் வீட்டில் உள்ளது. அதில் குடம் அடித்தவர் என் பாட்டா. நாடா நைந்து வருவதால் அதனைக் கணிப்பொறியில் ஏற்றினேன். ஏற்றிய பின்னர்தான், பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. அதனை நீக்க முயன்றபோது கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

இரைச்சல் மின்சாரத்தின் பிள்ளை. நம் நாட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று உடையது. ஒலிபெருக்கிக்குள் அதனை நேர்மின்னோட்டமாக்கும்போது முழுவதும் சமனாகாமல் வினாடிக்கு 100 சுற்றுள்ள சிற்றலை எஞ்சும். எங்கள் கேசட்டில் 50, 100, 150 ஆகிய மூன்றும் உண்டு. காதை உறுத்துவது 100 தான்.

கணிப்பொறிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசையே. குறுந்தகட்டின் அளவுப்படி வினாடிக்கு 44,100 எண்கள். ஆகவே எண்முறை வடிகட்டி என்பதும் சல்லடை போன்ற ஒரு பொருளன்று. அது ஒரு கணக்கு. இப்போது வந்த எண், அதற்கு முந்திய இரண்டு எண்கள், ஏற்கெனவே கிடைத்த கடைசி இரண்டு விடைகள் ஆகிய ஐந்தையும் ஐந்து பெருக்கெண்களால் பெருக்கிக் கூட்டினால் புதிய விடை பிறக்கும். பெருக்கெண்களைத் தக்கவாறு அமைத்தால் ஒரே ஒரு அதிர்வெண் மறைய, ஏனையவை ஏறத்தாழ அப்படியே கடந்து செல்லும்.

கேட்பதற்கு எளிதுதான். ஆனால் 100ஐ நீக்க வேண்டிய பெருக்கெண்களில் ஒன்று 1.99980, 90ஐ நீக்க வேண்டியது 1.99984. (கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிடுகிறேன்.) ஐந்தாம் தசம இடத்தில் உள்ள வேறுபாடு! இதனைக் காகிதத்தில் பார்த்து யாரால் என்ன சொல்ல முடியும்?

90ஐ ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், பாட்டாவின் குடம் ஒலிப்பது அங்கேதான். வாயைத் தட்டியவுடன் குடத்தின் கழுத்திலுள்ள காற்று உள்ளும் புறமும் ஆட, வயிற்றிலுள்ள காற்று சுருள்வில்லைப் போல் அமுங்கி விரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்த ஒத்ததிர்வு இதுவே. எங்கள் பதிவில் அளந்தபோது சுமார் 90 வந்தது. இரைச்சல் 100, குடம் 90. பகைவனும் உறவினனும் அடுத்தடுத்த வீட்டில்!

எனவே எண்களைக் கண்ணால் காணவும், கையால் நகர்த்தவும், உடனே காதால் கேட்கவும் ஒரு கருவி தேவைப்பட்டது. இணைய உலாவிகளுக்கான 'வெப் ஆடியோ' என்ற முறை 2021ஆம் ஆண்டில் முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி அதில் ஆயத்தமாகவே உள்ளது. எந்த அதிர்வெண் எவ்வளவு குறையும் என்பதையும் கேட்டால் சொல்லும். திரையில் ஒரு வளைகோடும் இரண்டு நகர்த்திகளும் வரைந்தேன். ஒன்று வெட்டின் இடத்தையும், மற்றொன்று அதன் அகலத்தையும் மாற்றும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்.

முதலில் பாடநூலில் உள்ளபடி ஒரு வட்டம் வரைந்து புள்ளிகளை நகர்த்தும்படி செய்தேன். அது பயன்படவில்லை. முழு வட்டமும் 44,100 என்றால் 100க்குரிய கோணம் 0.82 பாகை, 90க்கு 0.73 பாகை. திரையில் இரு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. தேர்வுக்கு வட்டம் நல்லது, குடத்துக்கு உதவாது. பிறகு மடக்கை அளவில் அச்சை வரைந்தேன். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அகலம் இருப்பதுபோல அதில் தாழ்ந்த ஒலிகளுக்கும் தாராளமாக இடம் கிடைத்தது.

இனி அகலம். வெட்டின் அகலம் 20 சுற்று என்றால் இரைச்சல் அடியோடு போய்விடுகிறது. ஆனால் 90இல் உள்ள ஒலியின் வீச்சும் 0.73 மடங்காகக் குறைகிறது. அதைக் கேட்ட பாட்டா, "மக்களே, குடத்த எங்க கொண்டு போட்ட?" என்றார். வளைகோட்டைப் பார்த்து நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் பார்க்காமலே சொல்லிவிட்டார். அகலத்தை 4 ஆக்கினால் குடம் 0.98 மடங்காக நிற்கிறது.

அப்படியானால் 1 ஆக்கலாமே என்று தோன்றும். இரண்டு தடைகள் உள. வெட்டு குறுகக் குறுக வடிகட்டியே மணிபோல் நெடுநேரம் அதிரும். அகலம் 20 எனில் அவ்வதிர்வு ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேயச் சுமார் 0.11 வினாடி, 4 எனில் 0.55 வினாடி, 1 எனில் இரண்டு வினாடிக்கும் மேல். உடுக்கையின் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு முனகல் தொங்கும். மற்றொன்று, கேசட் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நூற்றில் ஒரு பங்கு வேகம் பிசகினாலும் 100 என்பது 101 ஆகிவிடும். குறுகிய வெட்டு வெறும் இடத்தை வெட்டிக்கொண்டிருக்கும்.

ஆதலால் 4 என்றே வைத்தேன். 50க்கும் 150க்கும் தனித்தனி வெட்டுகள் தொடராக இணைத்தேன். அங்கே குடம் அருகில் இல்லாததால் சிறிது அகலமாகவே விட்டேன். இரைச்சல் முற்றிலும் ஒழியவில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் இன்னும் மெல்லக் கேட்கிறது. பாட்டா அதைப் பொருட்படுத்தவில்லை. கேசட்டின் மறுபக்கத்தில் வேகம் இன்னும் அதிகமாகப் பிசகுகிறது. அதற்கு வெட்டின் இடமே இரைச்சலைப் பின்தொடர்ந்து நகர வேண்டும். அந்தக் கணக்கை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.