நான்கு பாட்டுக்கு ஒரு தட்டு

கண்டியிலிருந்து குண்டசாலை தாண்டித் திகன வரும் பஸ்களில் பைலா ஒலிக்காத பயணம் குறைவு. ஆறு எண்ணிக்கையில் துள்ளும் அந்தத் தாளம் போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரோடும் இங்கே கரையேறியது. 1960களில் இளைஞர்கள் கிற்றாரோடு அதைப் பொப்பிசையாக்கினார்கள். சிங்களத்தில் 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கினார். தமிழில் பொப்பிசை என்றதும் நினைவுக்கு வருபவர்கள் உரும்பிராய் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும்.

அந்தக் காலப் பொப்பிசைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது ‘ஈ.பி.’ என்ற ஏழு அங்குல இசைத்தட்டு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. நிமிடத்துக்கு 45 முறை சுழலும். அதில் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகும் ஒரே ஒரு பள்ளக்கோடுதான் பாட்டு. பாடகரின் குரல் அதிர்ந்தபடியே கோடும் இருபுறமும் நெளிந்திருக்கும். ஊசி அந்த நெளிவில் ஆட, ஆட்டம் மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகிறது.

சிக்கல் தாழ்ந்த சுரங்களில். மேளமும் பேஸ் கிற்றாரும் கோட்டை அகலமாக நெளியவைத்து இடத்தைத் தின்னும். அப்படியே வெட்டினால் இரண்டாவது பாட்டுக்கு இடமிராது. அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்துவிட்டு, கேட்பவர் வீட்டு அம்ப்ளிஃபயரில் அதே அளவு திரும்பக் கூட்டுவார்கள். உயர்ந்த சுரங்களுக்கு இதன் நேர்மாறு. 1950களின் நடுவில் இசைத்தட்டு நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட கணக்கு இது. நாம் துள்ளிய பைலாவின் அடி, தட்டில் மெலிந்துதான் கிடந்தது!

இன்னொன்று: விளிம்பில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் கோடு ஓடும், நடுவை நெருங்கும்போது 25 ஆகிவிடும். அதே ஒலியை நெருக்கி எழுதவேண்டியிருப்பதால் கூர்மை மழுங்கும். பளிச்சென்ற பாட்டை முதலில் வைப்பதற்கு வியாபாரம் மட்டும் காரணமல்ல. ஆலாபனைக்கும் இங்கே இடமில்லை; மூன்று நிமிடத்துக்குள் பல்லவி பலமுறை வந்தாகவேண்டும். கூட்டமாகப் பாட ஏற்ற பாட்டுகளுக்கு, என் பார்வையில், இந்த நெருக்கடி நல்லதே செய்தது.

சாஸ்திரிய இசைக்காரர் சிலர் பொப்பிசையைக் குடிகாரப் பாட்டென்று ஒதுக்கினார்கள். கலியாண வீடுகள் ஒதுக்கவில்லை. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தது. இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் 1977இல் அது மறுபடி ஒலித்தது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்ததாகச் சொல்லும் அந்தச் சிங்களப் பல்லவியை, பொருள் தெரியாமலே தமிழ்நாடு முணுமுணுத்தது.